உப்புத் தண்ணீரை நிறுத்திய நாள்

விலங்குக்கூடத்தில் என் எலிகளின் கூண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில்கள் தலைகீழாகத் தொங்கும். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் உப்புத் தண்ணீர். இரண்டிலும் பிளாஸ்திரி ஒட்டி, தினமும் தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று பேனாவால் கோடு போட்டு வைப்பார் அக்கா. யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு கல்லூரியில் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அக்கா அங்கே விலங்குக்கூடப் பணியாளர். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து ஊரப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

எலியின் அட்ரீனல் சுரப்பிகளை எடுத்துவிட்டால் அதன் உடம்பில் உப்பு தங்காது. உப்புத் தண்ணீர் குடித்தால்தான் பிழைக்கும். இன்னும் பிறக்காத எலிக்குட்டியின் அதே சுரப்பியை, அந்த எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் பதிப்பதுதான் என் ஆய்வு. அது வேலை செய்யத் தொடங்கினால் உப்புத் தண்ணீரே வேண்டாம். முதல் தடவை அவசரப்பட்டு, சுரப்பியைப் பதித்த ஏழாம் நாளே நிறுத்தினேன். அந்த வாரத்துக்குள் அத்தனையும் செத்துப்போயின. அக்கா கூண்டுகளைக் கழுவினார்.

மறுபடி எட்டு எலிகள். இம்முறை பதினான்காம் நாள் என்று என் பேராசிரியர் குறித்துக் கொடுத்திருந்தார். அன்று காலை நான் பாட்டிலைக் கழற்றப் போனபோது அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"இன்னிக்கு வேணாம் மேடம். இதுங்க இன்னும் உப்புத் தண்ணியத்தான் தேடுதுங்க. கோட்டப் பாருங்க."

"சார் இன்னிக்குத்தான் நிறுத்தச் சொல்லியிருக்கார் அக்கா."

"சாருக்கு நான் சொல்லிக்கிறேன். உள்ள வச்சது வேல செஞ்சா அதுங்களே வெறும் தண்ணிக்கு வந்துடும். அதுக்கு இன்னா வேணும்னு அதுக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் உப்பு பாட்டில்கள் எல்லாம் காலியாக இருந்தன. வெறும் தண்ணீர் தொட்டதுபோலவே இல்லை. பேராசிரியர் வந்து கோடுகளை வெகுநேரம் பார்த்தார். "அவங்க சொல்ற வரைக்கும் காத்திருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது நாள் காத்திருந்தோம். பத்தாம் நாள் நான் உள்ளே நுழைவதற்குள் அக்கா வாசலுக்கே ஓடி வந்தார்.

"மேடம், ஆறு எலி வெறும் தண்ணிக்கு வந்துடுச்சு! உப்பு பாட்டிலு அப்படியே கீது!"

அந்த ஆறுக்கு மட்டும் உப்பை நிறுத்தினோம். ஒரு மாதம் கழித்தும் ஆறும் உயிரோடு இருந்தன. இரத்தப் பரிசோதனையிலும் அந்தச் சுரப்பியின் ஹார்மோன் தெரிந்தது.

வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டின் ஒரு பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "செய்முறைப் பகுதியில் இது யார் பெயர்? நன்றியுரையில்தானே வரவேண்டும்?"

"உப்பை நிறுத்துற நாள் எதுன்னு முடிவு செய்தது அவங்கதான் சார்" என்றேன். கூண்டு கழுவும் வேலையின் நடுவே வந்து கடைசி வரிசையில் இருந்த அக்கா எழுந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, தான் பார்த்ததைத் தன் பேச்சில் சொன்னார். தேர்வாளர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். என் பட்டத்தைவிட அந்தக் காட்சியைத்தான் நான் அதிகம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்று என்னிடம் ஆய்வு செய்யும் மாணவர்கள் யாரும் தேதி பார்த்து உப்பை நிறுத்துவதில்லை. எலி எதைக் குடிக்கிறது என்று பார்த்தே நிறுத்துகிறார்கள். எங்கள் கூடத்தில் அந்த முறைக்கு அக்காவின் பெயர்தான்.