கெம்பம்மா சுமந்த பத்துக் கூடை

பாகலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஏரிக்கு நீர்கட்டி சென்றாயன். மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவன் வேலை. வீட்டில் இருக்கும் நேரத்தைவிடக் கரையில் இருக்கும் நேரமே அதிகம். “ஏரிதான் அவருக்கு மூத்தாளு, நான் எளையாளு” என்பாள் அவன் மனைவி கெம்பம்மா.

1954 கோடையில் ஏரி கால்வாசியாகச் சுருங்கியது. கத்தாழை மட்டையை அதிலேயே ஊறப்போட்டு நார் எடுத்துக் கயிறு திரிக்கும் வீடுகளோ பத்து. தண்ணீர் கறுத்தது. மீன்கள் மல்லாந்து மிதந்தன. எங்கள் தெருவுக்குக் கிணறு கிடையாது. ஏரியோரம் ஊற்றுத் தோண்டித்தான் குடித்தோம், அதிலும் நாற்றம் இறங்கிவிட்டது. ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டது: ஏரியில் எதையும் ஊறப்போடக் கூடாது. மீறினவர் தன் தலையில் பத்துக் கூடை மண் சுமந்து கரையில் கொட்ட வேண்டும். பிடிப்பது சென்றாயன் பொறுப்பு.

முதலில் அகப்பட்டது கெம்பம்மாவின் கத்தாழைக் கட்டு! ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், இப்போது வெட்கமாக இருக்கிறது.

“வேற எங்கய்யா ஊறப்போடுவேன்? எம் பொழப்புல மண்ணப் போடுறியே!”

“உன்ன விட்டுட்டு நாளைக்கு எவனப் புடிப்பேன்?”

மண் வெட்ட அவள் ஏரிக்குள் இறங்கவில்லை. ஆத்திரத்தில் தூரத்துக் களர்மேட்டுக்குப் போய், ஒரே இடத்தில் வெட்டிப் பத்துக் கூடையும் சுமந்தாள். மூன்று நாள் அவனுக்குக் களி போடவில்லை.

நான்காம் நாள் ஏரியில் நாருக்காக ஊறப்போட்ட புளிச்சைத் தண்டுக் கட்டு ஒன்று கிடந்தது. ராஜப்பனுடையது. ஊரில் பாதி நிலம் அவருக்கு. சென்றாயனுக்குக் கூலி கொடுப்பதும் அவர்தான். அவர் தனக்குப் பதிலாக மண் சுமக்க இரண்டு ஆட்களிடம் கூடை கொடுத்தனுப்பினார்.

சென்றாயன் அவர்களைத் திருப்பியனுப்பிவிட்டு அவர் வாசலில் போய் நின்றான்.

“எசமான், எம் பொண்டாட்டி அவ தலையிலதான் சொமந்தா.”

வேலை போச்சு என்றே நினைத்தோம். ராஜப்பன் துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். கூட்டத்தில் நின்ற கெம்பம்மாவைப் பார்த்தார்.

“மண்ண எங்கம்மா வெட்டுன?”

அவள் தன் குழியைக் காட்டினாள். அவரும் அங்கேயே வெட்டினார். ஏழாவது கூடையில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கெம்பம்மா சொன்னாள்:

“எசமான், நாத்தம் எறங்க இங்க பக்கத்துல கெணறும் இல்ல, ஊத்தும் இல்ல. இந்தக் குழியப் பெருசாக்குனா எல்லாத்தையும் இங்கியே ஊறப்போடலாமே.”

“என்னோட தண்டையுமா?” என்றார் அவர், வேர்வையைத் துடைத்தபடி.

“கூடைய முடிச்சா போடலாங்க.”

மறுநாளிலிருந்து தப்பே செய்யாத வீடுகளும் பத்துப் பத்துக் கூடை சுமந்தன. கரை உயர்ந்தது, குழி ஆழமானது. ஆடி மழையில் குழி நிறைந்து, கெம்பம்மாவின் மட்டை முதலில் அதில் இறங்கியது. ஐப்பசியில் ஏரி தெளிந்துவிட்டது.

அப்படித் தெளிந்த அன்று கெம்பம்மா ஊற்றில் மொண்ட முதல் செம்பைக் கரைக்கே எடுத்துப் போய் சென்றாயனிடம் நீட்டினாள்.

“குடிச்சுப் பாருய்யா. உம் மூத்தாளு பொழச்சுக்கிட்டா.”