வாற கோடு

மெட்டில்டா எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆனாலும் சுவரொட்டி என்றால் எழுத்துக்குக் கடைசியில்தான் வருவாள். இதை ஒட்டினவனுக்கு நம்மிடம் என்ன வேணும் என்று படத்தைப் பார்த்தே துருவிக்கொண்டு நிற்பாள்.

அந்தச் சந்தேகம் அவளுக்கு எப்போதும் நல்லதே செய்தது என்றில்லை. அம்மைக் குத்து விளம்பரத்தில் ஒரு பிள்ளை சிரித்தது. குத்து வாங்குகிற பிள்ளை எங்கேயாவது சிரிக்குமா, எல்லாம் ஏமாற்று என்று மகள் பிலோமியைக் கூட்டிப்போகாமல் விட்டாள். மறு வருஷம் அம்மை வந்தது. பிலோமி பிழைத்தாள்; முகம் நிறையத் தழும்பு.

உலகச் சண்டை நடந்த நாற்பத்து மூன்றில், தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் புதிதாக ஒரு படம் ஒட்டினார்கள். கல்கத்தா போகும் கப்பலில் கரி அள்ளிப்போட ஆள் வேண்டும். போன கப்பல்கள் சில திரும்பவில்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. படத்தில் அதைப் பற்றி மூச்சில்லை. பேர் கொடுக்கக் கிளம்பியவன் சிலுவை, தாய் தகப்பன் போனபின் அவள் தூக்கி வளர்த்த தம்பி.

படத்தில் கப்பலின் கொடி ஒரு பக்கம் பறந்தது, புகை மறுபக்கம் போனது.

“ஏலே, ஒரே காத்துல ரெண்டும் ரெண்டு பக்கம் போவுமா? இத வரைஞ்சவன் கடலையே பாத்ததில்ல.”

“பிலோமி மொகத்தப் பாத்துக்கிட்டு இதச் சொல்லுக்கா” என்றான் சிலுவை.

 மெட்டில்டா தன் கருவாட்டுக் கடையை அடைத்துவிட்டு அவன் பின்னாலேயே போனாள்.

ஆள் சேர்க்கும் ஏஜெண்டு மேசைக்குப் பின்னால் ஒரு தேசப்படம் தொங்கியது. தூத்துக்குடியில் புறப்பட்ட சிவப்புக் கோடு இலங்கையைச் சுற்றிக்கொண்டு கல்கத்தாவில் முடிந்தது. சிலுவையின் முறை வந்தபோது மெட்டில்டா கேட்டுவிட்டாள்.

“போற கோடு கெடக்கு. வாற கோடு எங்க அண்ணாச்சி?”

ஏஜெண்டு முகம் கோணவில்லை. இதுதானாம்மா உன் கவலை என்று சிரித்தபடி பென்சிலை எடுத்து, அச்சுக் கோட்டுக்கு உள்பக்கமாகக் கல்கத்தாவிலிருந்து ஒரே இழுப்பில் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவ்வளவு சுளுவாகத் தம்பி திரும்பி வந்ததைப் பார்த்ததும் அவள் எட்டி அந்தக் கோட்டையே துருவினாள்.

முதலில் சிரித்தவன் சிலுவைதான். “அண்ணாச்சி, கப்பல் கண்டி மலை ஏறியில்லா வருது.”

பென்சில் கோடு இலங்கையின் நடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு கிடந்தது. வரிசை முழுக்கச் சிரித்தது. அது சும்மா ஒரு அடையாளத்துக்குப் போட்டது என்று ஏஜெண்டு எச்சில் தொட்டு அழித்தார்.

சிலுவையின் சிரிப்பு நின்றது. “அப்பம் அந்தச் செவப்புக் கோடும் அடையாளந்தானா?”

ஏஜெண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சிலுவை வரிசையை விட்டு விலகினான்.  நாளைக்குத் தனியாக வந்து பேர் கொடுப்பானோ என்று மெட்டில்டாவுக்குச் சந்தேகம். வீடு வரைக்கும் அவனை முன்னால் நடக்கவிட்டுத்தான் நடந்தாள்.