சக்கரத்தோடு முடிந்த காலடிகள்

லொறிக்காரனுக்கு நேர்த் தெருவில் பெரிதாக வேலை இல்லை. அவனுடைய பயமெல்லாம் மூலைகளில்தான் இருக்கிறது.

முன்பக்கம் திரும்பிவிடும். பின்சக்கரம் அதே வழியில் வராது. குறுக்கே வெட்டி, நடைபாதைக் கல்லை ஒட்டிக்கொண்டு வரும். இடது பக்கத்தில் அந்தச் சக்கரத்தோடு யாராவது நின்றால் கண்ணாடியில் தெரியாமலும் போகலாம். நான் லண்டனில் பதினேழு வருடம் பன்னிரண்டு தொன் லொறி ஓட்டினேன். தமிழ்க் கடைகளுக்கு அரிசி, மா, உறைந்த மீன். ஒருவரையும் தொட்டதில்லை. அது அப்படியே இருக்கவேண்டும் என்பதைத் தவிர அந்தத் தொழிலில் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே கழுத்து நோ வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

தெருவுக்கு அளவு

ஒடுங்கிய மூலை வந்தால் நான் இறங்கி அளப்பேன். குதிக்கு முன்னால் விரல், விரலுக்கு முன்னால் குதி என்று பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து நடந்து, எண்ணி, கொப்பியில் எழுதுவேன். மற்றச் சாரதிகள் தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டுப் பின்னால் நின்று கை காட்டச் சொல்வார்கள். முன்பின் தெரியாதவரிடம் போய்க் கேட்க எனக்குக் கூச்சம். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்றாலும் எண்ணுவதில் பிழை விடமாட்டேன். 2009 வரைக்கும் கொப்பியில் இருநூற்றுப் பதினான்கு மூலைகள் இருந்தன.

வால்தம்ஸ்டோவில் இருந்த எங்கள் களஞ்சியத்தின் மேலாளர் சிவம், மலேசியாக்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஒருநாள் களஞ்சிய வாசலையே நான் அளந்துகொண்டு நின்றதைக் கண்டு, தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து சொன்னார்: “என்ன அண்ணே, ரோட்டுக்குச் சட்டை தைக்க அளவு எடுக்கிறீங்களா?”

மரியதாஸின் பை

மரியதாஸ் மன்னார்க்காரன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். முன்பு அவனும் சாரதிதான். ஒரு மழைநாள் பின்னேரம் இடது பக்கம் திரும்பும்போது, பின்சக்கரம் ஏதோ ஒன்றின்மேல் ஏறி இறங்கியிருக்கிறது. கல் என்றால் வண்டி துள்ளும். அது துள்ளவில்லை, மெதுவாக அமுங்கியது என்றான். நிறுத்தினான். ஆனால் இறங்கிப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி செபம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான்.

கடைசியில் தெருக் கூட்டுகிறவர் வந்து கதவைத் தட்டி, கீழே கிடந்ததை இழுத்து எடுத்துக் காட்டினார். பழைய உடுப்பு அடைத்த பை. மரியதாஸ் அன்றைக்கே வண்டித் திறப்பைச் சிவத்திடம் கொடுத்துவிட்டான். அதன்பிறகு மூட்டை ஏற்றும் வேலைதான். “பை எண்டு கண்ணாலை கண்டன் அண்ணை,” என்று என்னிடம் சொன்னான், “ஆனா இண்டைவரைக்கும் என்ர காலுக்கு அது பை எண்டு விளங்கேல்லை.”

இரண்டு கோப்பை

2009 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. விடிந்து பார்த்தால் லண்டன் முழுக்கப் பனி. பஸ் ஒன்றும் ஓடவில்லை. நான் காலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்தேன். சாமான் ஏற்றியாகிவிட்டது, மீன் காத்திருக்காது. வழியில் மூன்று கார்தான் கண்டேன். என்னுடைய எஞ்சின் சத்தம்கூட வேறு தெருவில் ஓடும் யாரோ ஒருவருடைய வண்டியின் சத்தம் போலக் கேட்டது. நடைபாதை எது, தெரு எது என்று தெரியவில்லை. கொப்பியில் இருந்த இருநூற்றுப் பதினான்கு அளவும் அன்றைக்கு உதவாது. எங்கிருந்து அளந்தேனோ அந்தக் கல்லே கண்ணில் இல்லை.

கோலியர்ஸ் வுட்டில் யோகம் அக்காவின் கடைக்குப் பின்னால் உள்ள முற்றத்துக்குள் பின்பக்கமாக எடுத்து நிறுத்தினேன். அவ மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. உள்ளே போனால் மேசையில் இரண்டு கோப்பை தேநீர். நான் தனியாகத்தான் வந்தேன் என்றேன். “பின்னால நிண்டு கை காட்டினவரையும் கூப்பிடுங்கோ, பாவம், தலையிலை தொப்பியும் இல்லை” என்றா. நான் வெளியே போய்ப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் சுவர்வரைக்கும் பனி உடையாமல் கிடந்தது. ஒரு காலடிகூட இல்லை. வந்து சொன்னேன். அவ இரண்டாவது கோப்பையைக் கையில் எடுத்தபடி ஜன்னலைப் பார்த்தா: “அப்ப அந்த மனிசன் ஆருக்குக் கை காட்டினவர்?”

பத்தொன்பது

அடுத்தது சட்டனில் உள்ள கடை. அங்கே வீடுகள் உள்ள சின்னத் தெருவிலிருந்து, கடைகளுக்குப் பின்னால் பெரிய தெருவுக்குப் போகும் ஒழுங்கைக்கு இடது பக்கம் திரும்பவேண்டும். கொப்பியில் இருந்ததிலேயே ஒடுங்கிய மூலை அதுதான். திரும்பும் வாயிலில் நிறுத்தி இறங்கினேன். கல் தெரியாததால் ஒரு உபாயம் செய்தேன். பின்சக்கரத்தில் தொடங்கி, காலால் தட்டித் தட்டிக் கல்லைக் கண்டுபிடித்து, அதன் ஓரமாகப் பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து, மூலையைச் சுற்றி, பனி உருக உப்புப் போட்ட பெரிய தெருவரைக்கும் நடந்தேன். நாற்பத்தொரு பாதம். பனியைக் குழப்பாமல் அதே தடத்திலேயே திரும்பி வந்தேன். ஒரு சின்ன வாய்க்கால் மாதிரிக் கோடு விழுந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு திருப்பலாம். வண்டிக்குள் ஏறி எண்ணிக்கையை எழுதினேன். பிறகு பிரேக்கை எடுத்தேன். வண்டி நான் கேட்காமலே ஒரு அடி வழுக்கி நின்றது.

அப்போதுதான் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் இருந்த வீட்டு வாசல் படலையிலிருந்து சின்னக் காலடிகள் வரிசையாக வந்து, பின்சக்கரத்தடியில் முடிந்திருந்தன. நான் அளக்கும்போது அவை இல்லை. எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பத்தொன்பது காலடி. எல்லாம் வண்டியை நோக்கி வந்தவை. திரும்பிப் போனது ஒன்றும் இல்லை. பத்தொன்பதாவதற்குப் பக்கத்தில் சக்கரம். வழுக்கிய இடத்தில் அது பனியை வாரிக் குவித்து, குவியலுக்குள் அரைவாசி புதைந்து நின்றது.

யாராவது இருக்கிறீர்களா என்று கத்தினேன். இங்கிலிஷிலும் கத்தினேன். லண்டன் தெருவில் நான் சத்தம் போட்டது அதுதான் முதல்தடவை. பனி அதை அப்படியே விழுங்கிவிட்டது. படலை திறந்து கிடந்த வீட்டுக் கதவைத் தட்டினேன், ஒருவரும் வரவில்லை. முழங்காலில் நின்று வண்டிக்கு அடியில் பார்த்தேன், இருட்டாக இருந்தது. குவியலுக்குள் கையை விட்டேன். மூன்றாம் முறை கையில் கம்பளி பட்டது. இழுத்தேன். சிவப்புக் கையுறை ஒன்று. உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ள அதை இரண்டு தரம் அமுக்கிப் பார்க்கவேண்டியிருந்தது. தொலைபேசியில் அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். பனியால் எல்லாரும் அழைத்துக்கொண்டிருந்தார்கள் போல, மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மரியதாஸுக்கு எடுத்தேன். கண்டதைச் சொன்னேன். “வண்டியை அசைக்காதேங்கோ அண்ணை,” என்றான். “என்னைப்போல இருந்திடாதேங்கோ. கிண்டிப் பாருங்கோ, கையாலை கிண்டிப் பாருங்கோ.”

மெழுகுதிரி

கிண்டினேன். சக்கரத்தின் இரண்டு பக்கமும் தார் தெரியும்வரைக்கும் கிண்டினேன். ஒருவரும் இல்லை. ஆனாலும் வண்டியை எடுக்க மனம் வரவில்லை. பத்தொன்பது காலடி வந்தது பொய்யில்லை, கையுறை பொய்யில்லை. அப்படியென்றால் வந்த ஆள் எங்கே? மூன்று தரம் வண்டியைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு தரமும் எண்ணினேன். பத்தொன்பதுதான்.

மணிக்கூட்டைப் பார்த்தபோது நாற்பத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. பெரிய தெருப் பக்கமிருந்து ஒரு வயதான அம்மா வந்தா. எழுபத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் மெழுகுதிரி, மற்றக் கை கோட்டுப் பைக்குள். மூலைக்கு வந்ததும் நின்று, என்னுடைய வாய்க்கால் கோட்டுக்குள் கவனமாக ஒரு காலை வைத்தா. பிறகு மற்றக் காலை. அதற்குள்ளேயே நடந்து சக்கரத்தடிக்கு வந்து சேர்ந்தா. பின்னால் ஒரு தடமும் விழவில்லை. நான் இரண்டு முறை மிதித்து இறுக்கிய பனி அது. போகும்போதும் அவ அப்படித்தான் போயிருக்கிறா, நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில். வண்டி வழுக்கமுன் அந்தச் சக்கரத்தடியில் நின்று கோட்டுக்குள் காலை வைத்திருக்கிறா. இடையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

கையுறையை நீட்டினேன். “ஐயோ, இஞ்சயே விழுந்தது?” என்று வாங்கிக்கொண்டா. கத்தோலிக்கக் கோயிலில் இன்றைக்கு மெழுகுதிரி மந்திரிக்கிற நாள் என்றும், பூசை வைத்த சுவாமியோடு சேர்த்து ஐந்து பேர்தான் வந்தது என்றும் சொன்னா. பிறகு என் முகத்தைக் கண்டுவிட்டு நின்றா: “வழுக்காத ஒரு பாதை போட்டு வைச்சிருக்கிறியள் எண்டு கோயிலிலை உங்களுக்காகவும் மண்டாடிப்போட்டு வாறன் தம்பி, நீங்கள் ஏன் அழுறியள்?”

கட்டம்

மத்தியானம் களஞ்சியத்துக்குத் திரும்பினேன். மரியதாஸ் வாசலில் நின்றான். என் கைகளைப் பார்த்தான், விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. சுடுதண்ணீர் எடுக்கப் போனான். சிவம் அன்றைய பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நாற்பத்தாறு நிமிடம் பிந்தியதற்குக் காரணம் கேட்டார். நான் பத்தொன்பது காலடியில் தொடங்கி மெழுகுதிரி வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் பேனாவைக் கையில் பிடித்தபடி கடைசிவரைக்கும் கேட்டார். பிறகு பத்திரத்தில் காரணத்துக்கென்று இருந்த சின்னக் கட்டத்தில் ஒரு சொல் எழுதினார். “பனின்னு போட்டுட்டேன் அண்ணே,” என்றார், “மத்ததெல்லாம் இந்தக் கட்டத்துக்குள்ள அடங்காது.”

இத்தனை வருடத்தில் நான் கண்டது, ஒன்றுமே நடக்காத நாளுக்குத்தான் லொறிக்காரன் கூடுதலாக விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது.