பாலுக்குப் பக்கத்தில் ஊசி

மேய்ச்சல் மலைக்குக் கிளம்பிய லாரியில் எல்லாருடைய படுக்கையும் ஏறிவிட்டது, அனார்கானுடையதைத் தவிர. பால் வாளிகள் இருந்தன, இரும்பு அடுப்பு இருந்தது, நாய்கூட மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. அவள் மெத்தைச் சுருள் மட்டும் வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் கிடந்தது.

"யாரு இதை இறக்கினது?"

"நான்தான்" என்றாள் ஓரகத்தி ஸூரா, கயிற்றை இறுக்கிக்கொண்டே. "மருந்து குளுமையா இருக்கணும்னு நர்ஸு சொன்னாளா இல்லையா? மலையில ஃப்ரிட்ஜுக்கு எங்க போறது? இந்த வருசம் கீழயே கெட. குதிரைங்கள நான் பாத்துக்கறேன்."

கரிசனமாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரு கோடை முழுக்க ஸூராவின் கை பழகிவிட்டால் அந்தப் பெட்டைக் குதிரைகள் அப்புறம் அவளுக்குத்தான் மடி சுரக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கறவை அனார்கானுடையது. அதை விட்டால் இந்த வீட்டில் அவள் ரொட்டி சுடுகிறவள், அவ்வளவுதான்.

குளிர்காலக் கடைசியில் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்து, உடம்பு பாதியாய் இளைத்து, நாரின் நகரத்து ஆஸ்பத்திரியில் போய் விழுந்தவள் அவள். சர்க்கரை என்றார்கள். மாத்திரைக்கு அடங்காது, இன்சுலின்தான் என்றார்கள். முதல் வாரம் ஊசியை வயிற்றருகே வைத்துக்கொண்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருப்பாள். கணவன் ஜுமாதில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான்.

"ஏங்க, ஆட்டை அறுக்கிற ஆளுக்கு இந்த முடியளவு ஊசியைப் பாக்க முடியலையா?"

"ஆடு வேற, நீ வேற" என்பான் அவன், திரும்பாமலே.

இப்போது அவள் மெத்தையைத் தோளில் தூக்கி லாரியில் எறிந்தாள். "நோய் வந்தது எனக்கு. மலைக்கு இல்ல. நகரு."

மேலே வந்து கம்பளிக் கூடாரம் எழும்பியதும் முதல் தகராறு. பேனா ஊசியை அனார்கான் மார்புத் துணிக்குள் வைத்துக்கொண்டாள். கூடுதல் மருந்துக் குப்பிகளை எங்கே வைப்பது? நாணல் தட்டிக்குப் பின்னால் பால் வைக்கும் பள்ளம்தான் கூடாரத்திலேயே குளுமையான இடம். ஸூரா குறுக்கே நின்றாள்.

"பாலுக்குப் பக்கத்துல ஊசியா? ரத்தம் பாக்கிற சாமான். நம்ம கத்தியையே அங்க வைக்கிறதில்ல."

அனார்கானும் அப்படி வளர்ந்தவள்தான். பால், தயிர் என்று வெள்ளையாய் இருப்பதன் பக்கம் கூரானது எதுவும் போகாது. குப்பிகளைக் கம்பளிக் காலுறையில் சுற்றி, இறைச்சியைப் புதைத்து வைக்கும் ஓடைச் சரிவில் கோடையிலும் உருகாத பனிக்குள் செருகிவிட்டு வந்தாள். இதைவிடக் குளுமை எந்த ஃப்ரிட்ஜில் கிடைக்கும் என்று உள்ளுக்குள் பெருமைகூட.

நாட்கள் நன்றாகவே போயின. ரொட்டியைக் கையால் அளந்து தின்னக் கற்றாள். ஒருநாள் கறவை நடுவில் சர்க்கரை சட்டென்று இறங்கி, கை நடுங்கி, கண் இருண்டு, குதிரையின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றபடியே இடுப்பில் செருகியிருந்த சர்க்கரைக் கட்டியை மென்றாள். குதிரை அசையவில்லை. அன்றிலிருந்து சாப்பிடாமல் வாளியைத் தொடுவதில்லை. புளிக்கவைத்த குதிரைப்பாலான குமிஸ் குடிக்க வருகிற விருந்தாளிகள் அவளுடைய சின்னக் கிண்ணத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"என்ன அண்ணி, பூனைக்கு ஊத்தின மாதிரி இருக்கு?"

"நீ குடிக்கிற வேகத்தைப் பாத்துக் குதிரையே மெரளுது. நான் பூனையாவே இருந்துட்டுப் போறேன்."

பிறகு பேனாவில் மருந்து தீர்ந்தது. பனியிலிருந்து புதுக் குப்பியை எடுத்தாள். கல்லாய் இறுகியிருந்ததைக் கைச்சூட்டில் இளக்கிப் போட்டுக்கொண்டாள். மறுநாள் விரலில் குத்திப் பார்த்தபோது எண் ஏறியிருந்தது. ரொட்டியைக் குறைத்தாள். இன்னும் ஏறியது. ரொட்டியையே விட்டாள். அப்போதும் ஏறியது. பழைய தாகம் திரும்பி வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. குதிரைகள் இரட்டையாகத் தெரிந்தன.

ஸூரா அவள் படுக்கையைச் சுருட்டத் தொடங்கினாள். "நான் அப்பவே சொன்னேன். மலை உனக்கு ஆகல."

அதை அனார்கானே பாதி நம்பிவிட்டாள். அடுத்த ஊசிக்குக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தவள், அப்படியே நின்றாள். தண்ணீர் போலத் தெளிந்திருக்க வேண்டிய மருந்தில் தூசு தூசாய் ஏதோ மிதந்தது. உறைந்து இளகிய உருளைக்கிழங்கு எதற்கும் ஆகாது என்பது அவளுக்குத் தெரியாதா? மருந்துக்கு மட்டும் வேறு நியாயமா?

"மலை ஆகலையாம்! மருந்து செத்துப்போச்சு. நான்தான் பனியில போட்டுக் கொன்னேன்."

"எதுவா இருந்தா என்ன, கீழ போனா அங்கயே இருந்துடு" என்றான் ஜுமாதில். அவன் குரலில் பயம்தான் இருந்தது.

"மருந்து வாங்கப் போறேங்க. இருக்கப் போகல. என் படுக்கையை யாராவது தொட்டீங்க, தெரியும் சேதி."

பால் எடுக்க வந்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு இறங்கினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "குளுமையா வைன்னா உறைய வைன்னா அர்த்தம்?" என்று திட்டிக்கொண்டே நல்ல மருந்தைப் போட்டு, சர்க்கரை இறங்கும்வரை விடமாட்டேன் என்று அன்றைக்கு அங்கேயே படுக்க வைத்தாள்.

மறுநாள் அதே ஜீப்பில், ஈரத்துணியில் சுற்றிய பொட்டலத்தோடு அனார்கான் மேலே வந்து சேர்ந்தாள். நாணல் தட்டியை விலக்கி, பாலாடைப் பானையைத் தள்ளிவைத்து, பள்ளத்தின் நடுவில் பொட்டலத்தை இறக்கினாள்.

"அனாரு!" ஸூரா கத்தியது வெளியே கேட்டிருக்கும். "பால் தீட்டாகும்! கெட்டுப்போகும்!"

"பால் கெட்டா நாளைக்கு வேற பால் கறக்கலாம் அக்கா. நான் கெட்டா?"

"காலங்காலமா இருக்கிற வழக்கம்…"

"வழக்கத்தைக் கேட்டுத்தான் பனியில போட்டேன். இனிமே ஊசி இங்கதான். பிடிக்காதவங்க குமிஸ் குடிக்க வேண்டாம்."

ஸூரா துணைக்கு ஆண்களைத் தேடினாள். ஜுமாதில் வாசலில் குனிந்து பூட்ஸ் வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே கட்டியிருந்தது.

கறவை நேரம் வந்தது. அனார்கான் ரொட்டித் துண்டு ஒன்றை மென்று முடித்து வாளியோடு போனாள். குதிரையைக் கறக்க இரண்டு பேர் வேண்டும். குட்டியை ஊட்டவிட்டு, சுரந்ததும் இழுத்துப் பிடிக்க ஒருவர், கறக்க ஒருவர். அவள் மண்டியிட்டுக் காத்திருந்தாள். வெகுநேரம் யாரும் வரவில்லை. கூப்பிடவும் இல்லை அவள்.

கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே ஸூரா வந்து குட்டியின் கயிற்றை அவிழ்த்தாள்.

"நாளைக்குப் பால் திரிஞ்சிருக்கட்டும், அப்புறம் பேசிக்கறேன் உன்கிட்ட."

"திரிஞ்சா திரியட்டும். குட்டியை இழுத்துப் பிடிங்க, சுரந்துட்டா."