லோயர் ஆர்ம் புஷ்ஷும் என் மீசையும்

பிரேக் பிடித்தால் முன்பக்கம் ஒரு ‘டொக்’. நின்ற வண்டியை எடுத்தால் இன்னொரு ‘டொக்’. பழைய காரில் இந்தச் சத்தம் கேட்டால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மின் ரப்பர், தேய்ந்துவிட்டது என்றுதான் எந்த மெக்கானிக்கும் சொல்வான். நானும் சொன்னேன். சொன்னதோடு வாயை மூடியிருந்தால் இதை எழுதும் அவசியமே வந்திருக்காது.

பாபநாசத்தில் கும்பகோணம் ரோட்டின் மேலேயே என் ஒர்க்‌ஷாப். அன்று வந்தது வசந்தா டீச்சரின் வெள்ளை கார். ரிட்டயர் ஆனதும் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வண்டிக்கு வயசு நிறைய ஆகிவிட்டது. ஆனால் டீச்சர் வைத்திருக்கும் சுத்தத்தைப் பார்த்தால் செருப்போடு ஏறவே கூச்சமாக இருக்கும். கூடவே அவருடைய கணவர் கலியமூர்த்தி அண்ணன் வந்திருந்தார். சொந்த நிலத்தில் விவசாயம். ஊரே டீச்சர் என்று கூப்பிடுவதால் அவரும் பெண்டாட்டியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“அந்தோணி, முன்னாடி சத்தம் வருது. அதுக்கு முன்னால ஒரு விஷயம் சொல்லணும்…”

நான் எங்கே கேட்டேன்? சாவியை வாங்கிக்கொண்டு ரயில்வே கேட் வரைக்கும் ஒரு டிரையல் போய் வந்தேன்.

“லோயர் ஆர்ம் புஷ்தான் டீச்சர். வேற பேச்சே இல்ல.”

“அது இருக்கட்டும். நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

“டீச்சர், இந்தச் சத்தத்தைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். புஷ் மாத்தியும் சத்தம் வந்துச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்!”

இங்கே என் மீசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த ரோட்டில் அந்தோணி என்று கேட்டால் எந்த அந்தோணி என்பார்கள். மீசைக்கார மெக்கானிக் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். அதுவும் அடுத்த வாரம் மாதா கோயிலில் என் தங்கச்சி மகள் கல்யாணம். தாய்மாமன் நான். மேடையில் முறுக்கிய மீசையோடு நிற்பதற்காக நல்லெண்ணெய் தடவி வளர்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “சரி, உங்க இஷ்டம்” என்றார். எப்போதும் வாய் ஓயாமல் பேசும் கலியமூர்த்தி அண்ணன் அன்று டயரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புஷ்ஷை மாற்றினேன். டிரையல் போனேன். டொக். ஸ்டெபிலைசர் லிங்க் ராடாக இருக்குமோ என்று அதையும் மாற்றினேன். டொக். ஸ்ட்ரட் மவுண்ட்டைக் கழற்றி மாட்டினேன். டொக். கூடவே ‘சலசல’ என்று இன்னொரு சத்தம். அது என் காதுக்குள்தான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் டீச்சர் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“சத்தமும் அப்படியே இருக்கு, மீசையும் அப்படியே இருக்கு. ரெண்டுல ஒண்ணு போகணும் இல்லையா அந்தோணி?”

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க டீச்சர்” என்று கெஞ்சினேன். காரை விட்டுவிட்டு அவர் கிளம்ப, அண்ணன் மட்டும் “நான் கூட இருந்து பாத்துக்கறேன்” என்று தங்கிவிட்டார்.

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். காரைக் குழிமேல் நிறுத்தி, கீழே இறங்கி, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொரு இடமாக வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். என் பார்ட்னர் செல்வம் மேலே உட்கார்ந்து காரை முன்னும் பின்னும் அசைத்து பிரேக் போட்டான். ஆர்மில் சத்தம் இல்லை. ஸ்ட்ரட்டில் இல்லை. கிராஸ் மெம்பரில் வைத்ததும் காதைக் குடைந்தது. முன்பக்க ஆர்ம் இரண்டையும் தாங்குகிற இரும்புப் பெட்டி அது. உள்ளே வெறும் கூடு, அங்கங்கே ஓட்டை. ஒரு ஓட்டையில் கம்ப்ரஸர் ஏர் பைப்பைச் செருகி ஒரு பிடி பிடித்தேன்.

இன்னொரு ஓட்டை வழியாக ஒரு சரளைக்கல் வந்து என் நெற்றியில் விழுந்தது. பின்னாலேயே மடமடவென்று உளுந்து கொட்டியது. முகமெல்லாம் உளுந்து. மீசையில் பாதி ஒட்டிக்கொண்டது.

“அண்ணே, இது என்ன?”

மேலிருந்து எட்டிப் பார்த்தார். “உளுந்து மாதிரி தெரியுது.”

“மாதிரியா?”

அவர் முகம் தொங்கிவிட்டது. எங்கள் பக்கம் சம்பா அறுத்த வயலில் உளுந்து விளையும். பிடுங்கிய செடியைக் காயவைத்து ரோட்டில் பரப்பினால் போகிற வருகிற வண்டி ஏறி மணி உதிரும். அண்ணன் வீட்டுப் பக்கம் வண்டி நடமாட்டம் கம்மி. போன வருஷம் அண்ணன் டீச்சரின் காரையே அதன்மேல் ஓட்ட, காய்ந்த கொடி சைலன்சரில் சிக்கிப் புகைந்து, தெருவே தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்திருக்கிறது. இனிமேல் காரை உளுந்துமேல் ஏற்றமாட்டேன் என்று டீச்சர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறார் மனுஷன்.

“டிராக்டர்காரன் வர்றேன் வர்றேன்னு ஏமாத்திட்டான் அந்தோணி. வானம் வேற கறுத்துக்கிட்டு வந்துச்சு. டீச்சர் கும்பகோணம் போயிருந்தாங்க. ரெண்டே ரெண்டு நடைதான் ஓட்டினேன்.”

“ரெண்டு நடைக்கு இவ்வளவு உள்ள போகுமாண்ணே?”

“சரி, பொழுது சாயற வரைக்கும் ஓட்டினேன். டீச்சருக்கு மட்டும் தெரிய வேண்டாம்ப்பா. தெரிஞ்சா நான் உன் ஒர்க்‌ஷாப்லதான் படுக்கணும்.”

சாயங்காலம் டீச்சர் வந்து ஓட்டிப் பார்த்தார். சத்தம் சுத்தமாக இல்லை.

“புஷ் இல்லைன்னு ஆயிடுச்சு. என்ன காரணம்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, மீசையை மன்னிச்சு விட்டுடறேன்.”

அவருக்குப் பின்னால் அண்ணன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கல்யாண மேடை ஒரு பக்கம், அந்தக் கும்பிடு ஒரு பக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“கல்லு டீச்சர். கிராஸ் மெம்பருக்குள்ள பூந்து அங்கயும் இங்கயும் உருண்டிருக்கு.”

“கல்லு மட்டும்தானா?”

“கல்லு மட்டும்தான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“கல்லுதான் டீச்சர்.”

“அப்ப எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

சலூன்காரர் கத்தியை வைப்பதற்கு முன் “நெசமாத்தானா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தங்கச்சி என்னைப் பார்த்ததும் “ஏண்ணே, கல்யாணம் முடியற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். கோயில் முடிந்து மண்டப மேடையில் மாலையும் கையுமாக நான் நிற்கும்போதே போட்டோகிராபர், “தாய்மாமன் எங்கப்பா? யாராச்சும் கூட்டிட்டு வாங்க!” என்று கத்தினார். மண்டபமே சிரித்தது.

பந்தியில் டீச்சர் எனக்குப் பக்கத்து இலை. அண்ணன் தள்ளி உட்கார்ந்து மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் என் இலையில் இருந்த வடையைக் காட்டினார்.

“சாப்பிடுங்க அந்தோணி. உளுந்துதான்.”

எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். “டீச்சர், உங்களுக்கு…”

“கும்பகோணத்துலேருந்து வந்த அன்னிக்கே தெரியும். வைப்பருக்கு அடியில ஒரு கைப்பிடி உளுந்து கெடந்துச்சு. அதைச் சொல்லத்தான் உங்ககிட்ட வந்தேன். எங்க விட்டீங்க? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மீசைக்குப் போயிட்டீங்க.”

“கடைசியா கேட்டப்பவாவது…”

“கடைசியா நான் கேட்டேன், நீங்க சொல்லல. உங்களை விடுங்க. அவர் வாயால வரட்டும்னு இருக்கேன். அதுவரைக்கும் காலையில காபி அவர்தான் போடறார். கேக்காமலே போடறார். நீங்க எதையும் சொல்லிக் கெடுத்துடாதீங்க.”

தொழில் பழக வரும் தம்பிகளா, மீசை பழையபடி வளர்ந்துவிட்டது. ஆனால் இப்போது வண்டி வந்தால் உடனே ஸ்பேனரையும் எடுப்பதில்லை, சவாலும் விடுவதில்லை. ஒரு டீ சொல்லிவிட்டு, வந்தவரை முழுசாகப் பேச விடுகிறேன். சத்தம் எங்கே என்று கேட்பதற்கு முன்னால் வண்டி எங்கெங்கே போனது என்று கேட்கிறேன். கலியமூர்த்தி அண்ணன் வந்தால் மட்டும் கேட்பதில்லை. நேராக ஏர் பைப்பை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கிவிடுகிறேன்.