கொப்பரைக் கொட்டகையில் ஒரு பல்கலைக்கழகம்

மலையாளத்துச் சித்தூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இப்போது எங்கள் ஊர் நிறுத்தத்தை "யுனிவர்சிட்டி" என்றே கேட்டு இறங்குகிறார்கள். நூலகம், விடுதி, ஆராய்ச்சி மாணவர்கள், வாசலில் புரோட்டாக் கடைகள் என்று இடம் அமர்க்களப்படுகிறது. இதெல்லாம் எங்கள் பெரியப்பாவின் கொப்பரைக் கொட்டகையில் தொடங்கியது என்று சொன்னால் அங்கே படிக்கிற பிள்ளைகள் மரியாதைக்குச் சிரிக்கிறார்கள். நம்புவதில்லை.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு. கல்லூரிக்குப் போக எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். ஆண்பிள்ளைகள் மாறிப் போனார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனது. பெரியப்பா மனு மேல் மனு போட்டுப் பார்த்தார். கடைசியில், இடமும் ஆளும் இருந்தால் தமிழ்ப் பட்டப்படிப்புக்கு ஒரு சென்டர் தொடங்கலாம் என்று பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. பெரியப்பா அன்றைக்கே கொட்டகையைக் காலி செய்து பெஞ்சு போட்டார். கொப்பரை வாசனையை மட்டும் காலி செய்ய முடியவில்லை.

அம்மா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மருமகளாக வந்தவள். தானும் பேர் கொடுக்கட்டுமா என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். அப்பா போய்ப் பெரியப்பாவிடம் கேட்டார். "மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது?" என்று பெரியப்பா கேட்டார். அம்மா போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

ஆள் இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்திலிருந்து பார்க்க வந்த நாள், நடவு நாளாக அமைந்துவிட்டது. பேர் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் வயலில் நின்றார்கள். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார். தையற்காரரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். ரேஷன் கடைக்காரரை உட்கார வைத்தார். அப்படியும் ஒரு பெஞ்சு காலியாகவே தெரிந்தது.

"அம்மிணி, நீயும் வந்து உக்காரு. வாயத் தொறக்க வேண்டாம்" என்றார் அம்மாவிடம். என்னையும் உட்கார வைத்திருப்பார், உயரம் போதவில்லை. நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தவர் ஒரு மலையாளத்து அம்மாள். பெரிய பேராசிரியர் என்றார்கள். பெஞ்சுகளை ஒருமுறை பார்த்துவிட்டு நேராக அம்மாவிடம் வந்தார்.

"நீங்க இவிடெ படிக்கவா வந்தது?"

அம்மா எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.

"இல்லீங்க. ஆளு பத்தலைன்னு பெரியவங்க கூப்புட்டாங்க. வந்து உக்காந்தனுங்க."

தையற்காரர் சத்தமில்லாமல் வெளியே நழுவினார். பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"படிக்க மனசுண்டோ?"

"இருக்குதுங்க."

"கிளாஸ் தொடங்கினா வருவீங்களா?"

"ஊட்டுல கேட்டுச் சொல்றனுங்க."

அந்த அம்மாள் பெரியப்பா பக்கம் திரும்பினார். "பேர் தந்த பிள்ளைகளும் வரணும், இவங்களும் வரணும். இவங்க வரலைன்னா இங்கே சென்டர் இல்ல. அதுதான் என் கண்டிஷன்."

எங்கள் பள்ளிக்கூடத்தில் பொய்யாக ஏதாவது செய்து மாட்டிக்கொண்டால், மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் வகுப்பிலேயே உட்கார்ந்து எழுத வேண்டும். ஆகவே எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. பெரியப்பா சொல்லித்தான் அம்மா உட்கார்ந்தாள், மாட்டிக்கொண்டது அம்மா. தண்டனையும் அவளுக்கே. நான் ஜன்னலடியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுவாரமே தண்டனை தொடங்கியது. அதை நிறைவேற்றுவதில் பெரியப்பா காட்டிய கண்டிப்பு கொஞ்சநஞ்சமல்ல. மாட்டுக்குத் தானே தண்ணீர் காட்டிவிட்டு வாசலில் வந்து நிற்பார். "அம்மிணி, பெல்லடிச்சுருவாங்க, கெளம்பு!" மழை நாளில் அம்மா தயங்கினால் தன் குடையைக் கொடுத்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கூடவே நடப்பார். ஜெயில்காரர் என்று நான் மனதுக்குள் திட்டினேன். அவரோடு இரண்டு நாள் பேசக்கூட இல்லை.

அம்மா விடிகாலையில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து படிப்பாள். பாவமாக இருக்கும். என் புது ரப்பரில் பாதியை வெட்டிக் கொடுத்தேன்.

"இன்னும் எத்தன நாளுக்கும்மா?"

"மூணு வருசம் கண்ணு" என்று சொல்லி அம்மா சிரித்தாள். நான் வருத்தப்படக் கூடாதென்று சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று வருடத்தில் கொட்டகை பிள்ளைகளைக் கொள்ளாமல் போயிற்று. நடுவில் தட்டி வைத்து இரண்டு வகுப்பாக்கினார்கள். பிறகு பெரியப்பாவின் களத்திலும் பந்தல் போட்டார்கள். அவருடைய தேங்காய்கள் தெருவோரத்தில் காய்ந்தன. கடைசியில் வாய்க்கால் மேட்டுப் புறம்போக்கில் பல்கலைக்கழகமே முதல் கட்டிடத்தை எழுப்பியது.

திறப்பு விழாவுக்கு அதே அம்மாள் வந்தார். முதல் பேட்சில் தேறியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அம்மா எழுந்து போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. "எந்தினா, எதுக்கு அழறது? ஜெயிச்சாச்சில்லே!" என்று அவர் அம்மாவின் முதுகில் தட்டினார். பெரியப்பா எங்கள் தோப்பிலேயே நல்ல இளநீராகப் பார்த்து, தன் கையால் சீவி அவரிடம் நீட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருடம் அம்மாவை உட்கார வைத்தவருக்கு இளநீரா? அந்தப் பேராசிரியர் குனிந்து என் கன்னத்தைத் தொட வந்தபோது நான் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டேன்.