பீற்றிஸ் பெயர் வரும் அடி

அருமைநாயகம் மட்டக்களப்பு வாவியில் வலை வீசிப் பிழைத்தவர். தோணியில் இருந்தபடியே கவி கட்டுவார்; எழுதிவைக்கமாட்டார். பழைய கவிகளோடு தன்னுடையதையும் கலந்து பாடுவார். எது எவருடையது என்று சொல்வதுமில்லை.

பீற்றிஸ் கலியாணமாகாத குமராய்க் கரையில் மீன் தரம்பிரித்துக்கொண்டிருந்த நாளில் கட்டியது இது:

தோணி வலிக்கையில – என்ட
துடுப்பு நனையுதடி
கரையில நீ நிண்டா – மச்சி
கைநோவு தெரியுதில்ல.

எங்கள் பக்கத்துக் காதற்கவியில் எந்தப் பெண்ணும் மச்சிதான். பெயர் சொன்னால் அவள் வீட்டாருக்கு மானக்கேடு. அவளையே கலியாணம் முடித்த பிறகும் அது யாருக்கென்று அவர் வாய்திறக்கவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து மூன்றில் கொழும்பிலிருந்து வானொலிக்காரர் மாதா கோயில் வளவுக்கு வந்து அவர் பாட்டை ஒலிப்பதிவு செய்தார்கள். "இத ஆர் கட்டினது?" என்று கேட்டார்கள். எதிரே பீற்றிஸின் தமையன் டொமினிக் நின்றிருந்தார். அருமைநாயகம் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"அது ஊர்ப்பாட்டு, ஐயா."

பெண்களோடு நின்ற பீற்றிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மஜீட்டின் தேத்தண்ணிக் கடை வானொலியில் ஊரே கூடி அதைக் கேட்டது. 'ஆக்கியவர் பெயர் தெரியாத நாட்டார் பாடல்' என்றார்கள்.

"ஆரோ கட்டினதுக்கு அண்ணன் நல்லா குரல் குடுத்திருக்காரு!" என்றார் மஜீட். எல்லோரும் சிரித்தார்கள். அருமைநாயகமும் சிரித்தார்.

நாலைந்து வருடத்தில் பீற்றிஸ் நெஞ்சுவருத்தத்தில் படுத்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டு வானொலியில் அந்தக் கவி போனது.

"நான் செத்தா, இது எனக்குக் கட்டினதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"நான் சொல்றன் புள்ள."

"அண்ணனுக்கு முன்னால?"

"ஓம்."

அவள் செத்து முப்பத்தோராம் நாள், பூசை முடிந்து வந்த சனம் சாப்பிட்டு எழும்பும் நேரம், அது பீற்றிஸுக்குத் தான் கட்டியதென்று அவர் சொன்னார். பிறகு அந்தக் கவியைப் பாடி, புதிதாய்க் கட்டிய அடியையும் சேர்த்தார். அதில் மச்சி இல்லை, பீற்றிஸ் இருந்தாள்.

டொமினிக் கோபிக்கவில்லை. தோளைப் பிடித்து இருத்தினார். "பாவம், மச்சானுக்குத் துக்கத்தில மனம் குழம்பிப் போச்சு" என்றார்.

மஜீட் மெல்லச் சொன்னார்: "ரேடியோவில அப்பிடி இல்லியே அண்ணன். நல்ல பாட்டு, அதக் கெடுக்காதீங்க."

அதன்பின் கலியாண வீடுகளில் அவரிடம் பாடக் கேட்டதெல்லாம் வானொலிப் பாட்டைத்தான். அவர் போவதை நிறுத்திக்கொண்டார். தோணியில் மட்டும் பாடினார். மற்ற அடிகள் தெளிவாய்க் கேட்கும். பீற்றிஸ் பெயர் வரும் அடியில் குரல் இறங்கிவிடும். பாதிக்குமேல் கரைக்கு வராது.

எழுபத்து நாலில் அவரைப் பீற்றிஸுக்குப் பக்கத்தில் அடக்கினோம். திரும்பும் வழியில் மஜீட்டின் கடையில் இருந்தபோது, டொமினிக் தேத்தண்ணியைத் தொடாமலே கேட்டார்:

"மஜீட், தங்கச்சிட பேர் வாறத ஒருக்காப் பாடு."

மஜீட் கண்ணை மூடினார்.

"மணலுக்குள்ள போனவளே – பீற்றிஸ்..."

நின்றார்.

"அங்கால என்னகா?" என்றார் டொமினிக்.

மஜீட் எங்களைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பீற்றிஸ் என்ற இடம் வந்தது. நின்றார்.